நிலவறையில் இருபது நிமிடம்

பாய்லர்காரருக்குத் தன் மாப்பிள்ளையைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் ஒன்பது காரணம் சொல்வார், கேட்காவிட்டால் பத்து. ஆனால் மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் வைத்ததில்லை. "வாங்க மாப்பிள்ள", "உக்காருங்க மாப்பிள்ள" என்று அழுத்தி அழுத்திச் சொல்வார். அந்த அழுத்தத்திலேயே ஆளைத் தூக்கித் தெருவில் போடுகிற வேகம் இருக்கும். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளைக்குக் 'கண்ணாடி' என்று பெயர்.

மாப்பிள்ளை வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று குழைவான குரலில் கேட்பது அவன் தொழில். விரல் நீளம்கூட இல்லாத ஒரு திருப்புளியைச் சட்டைப்பையில் வைத்திருப்பான். அதைப் பார்த்தாலே பாய்லர்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது ஸ்குரூ டிரைவரா, பல்லு குத்தற குச்சியா?" என்று மகளிடம் கேட்பார். மகள் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துவாள். எட்டு வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவள்.

அவர் முப்பத்து நான்கு வருடம் நகரத்துப் பெரிய மருத்துவமனையின் பாய்லர் அறையில் இருந்தவர். துணி வெளுக்கிற கூடத்துக்கும் சமையலறைக்கும் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்கிற அறைக்கும் நீராவி அவர் கையிலிருந்துதான் போயிற்று. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு குழாய் வெடிக்கவில்லை, ஒருத்தனுக்கும் ஒரு கொப்புளம் இல்லை. ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தபோது அந்த அறையையும் பாதி கூடவே கொண்டுவந்தார் என்று சொல்ல வேண்டும். வீட்டின் நிலவறையில் வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்பு, தண்ணீர்க் குழாய்க்கு நீலம், கழிவுக் குழாய்க்குக் கறுப்பு என்று வண்ணம் பூசினார். ஒவ்வொரு குழாய்த் திருகுக்கும் தகரத்தில் ஒரு எண் வெட்டித் தொங்கவிட்டார். நிலவறைச் சாவி அவருடைய பெல்ட்டில்தான் இருக்கும். மனைவி போன பிறகு பகலில் பாதி நேரம் அங்கேயேதான். வீடு மகளுடையதாகவும் மாப்பிள்ளையுடையதாகவும் ஆகிக்கொண்டு வந்தது; நிலவறை மட்டும் அவருடையதாக இருந்தது.

அந்த நிலவறைத் தரையில் ஒரு சதுர இரும்பு மூடி உண்டு. அதன் அடியில்தான் வீட்டுக் கழிவுநீர் தெருச் சாக்கடையோடு போய்ச் சேருகிறது. குழாயின் வாயில் ஒரு ரப்பர் தட்டு கீலில் தொங்கும். வீட்டுத் தண்ணீர் போகும்போது அது திறந்து வழிவிடும். தெருச் சாக்கடை நிரம்பித் திரும்பி வந்தால் தானே சாத்திக்கொள்ளும். வாயில்காப்போன் மாதிரி.

நான்கு மாதத்துக்கு முன் அந்தத் தட்டு மக்கர் பண்ணியது. துணிமணி நூலெல்லாம் கீலில் சுற்றிக்கொண்டு, சலவை இயந்திரத்தின் தண்ணீர் போகாமல் நின்றது. மாப்பிள்ளை, "பிளம்பரக் கூப்பிடலாமா மாமா?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். அவருக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது மூடியைத் திறந்தார். கீலின் ஊசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. இரும்பறுக்கும் வாளால் அதை அறுத்துத் தட்டைக் கழற்றினார். தண்ணீர் சலசலவென்று போனது. சாயங்காலம் மகள், "அப்பா கை வெச்சா ஆச்சு" என்றாள், மாப்பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி. அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஒரு மாதம் ஓடியது.

புது ஊசி வாங்கத்தான் நினைத்தார். கடையில், இந்த மாதிரிப் பழைய கீலுக்குத் தனி ஊசி வருவதில்லை, முழு வால்வையும் மாற்ற வேண்டும், அதற்குத் தரையை உடைக்க வேண்டும் என்றார்கள். தரையை உடைப்பதென்றால் பிளம்பர். பிளம்பர் என்றால் மாப்பிள்ளை சொன்னது சரி. அவர் தட்டைச் செய்தித்தாளில் சுற்றி, காலியான பெயின்ட் டப்பாவுக்குள் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

மகள் திரைச்சீலை தைக்கிறவள். ஒரு விடுதியின் மூன்று மாடிக்கும் ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிற வேலை அந்த வருடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் கையில் எடுத்ததிலேயே அதுதான் பெரிய வேலை. ஆறு வாரம் கழுத்தெலும்பு நோகத் தைத்து முடித்தாள். விடுதியில் சுண்ணாம்பு வேலை முடியவில்லை, இன்னும் இரண்டு வாரம் வைத்திருங்கள் என்றார்கள். தையல் அறையில் கால் வைக்க இடமில்லை. பதினான்கு அட்டைப் பெட்டிகளை நிலவறையில் வைக்கலாம் என்று மாப்பிள்ளைதான் சொன்னான்.

"அது என்ன கோடவுனா?" என்றார் பாய்லர்காரர். "அங்க வேண்டாம்."

"காஞ்ச எடம் மாமா. வெயில் படாது, சாயம் வெளுக்காது."

"வேண்டாம்னா வேண்டாம்."

மகள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பெட்டிகளைக் கீழே கொண்டுபோகச் சொன்னாள். மாப்பிள்ளை சுமந்துகொண்டு இறங்கினான். அவர் அன்று சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு இல்லாத குழாயின் நினைவு அப்போது அவருக்கு வரவே இல்லை என்பதுதான் உண்மை. தன் இடத்தில் அவன் கை வைத்துவிட்டான் என்பது மட்டும்தான் உறுத்தியது.

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு வார விடுமுறை. நிலவறையில் வாடை அடிக்கிறது, துணியில் ஏறிவிடும் என்று, மாமனாரிடம் சாவி கேட்டு வாங்கிப் போய், அவன் மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்கிற தூளைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி மறுபடி மூடினான். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஆகையால் என்ன இல்லை என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு மழை. மாப்பிள்ளை கடையில், மகள் நூல் வாங்கப் போயிருந்தாள். பாய்லர்காரர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர், வயிறு இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு எழுந்தார். முப்பத்து நான்கு வருடம் குழாய்ச் சத்தம் கேட்ட காது. படி இறங்குவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரும்பு மூடி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான்கு ஓரத்திலிருந்தும் பழுப்புத் தண்ணீர் பொங்கியது. கணுக்காலுக்கு வந்துவிட்டது. சுவரோரம் பதினான்கு பெட்டிகளும் வரிசையாக, கீழ் விளிம்பு மட்டும் கறுத்துப்போய் நின்றன.

அப்போது அவர் செய்ததைப் பிறகு அவராலேயே நம்ப முடியவில்லை. பெட்டிப் பக்கம் போகவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி, பெயின்ட் டப்பாவை இறக்கி, தட்டை எடுத்தார். மூடியை நெம்பித் தள்ளினார். தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பீறிட்டது. மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒரு துண்டுக் கம்பியை ஊசியாக்கித் தட்டைக் கீலில் மாட்டப் பார்த்தார். மாட்டினார், வேகம் பிடுங்கி எறிந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி எறிந்தது. முகத்தில் அடித்த அசிங்கத்தைத் துப்பிவிட்டு மூன்றாம் முறை மாட்டினார், அதுவும் நிற்கவில்லை. மகள் வருவதற்குள் அது அதனுடைய இடத்தில் இருக்க வேண்டும். அது மட்டும்தான் அவர் புத்தியில் இருந்தது.

நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிருந்தது. அட்டைப் பெட்டிகள் ஊறி, அடி விட்டு, ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைத் திரை ஒன்று மடிப்புக் கலைந்து தண்ணீரில் விரிந்தது. வாசலில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தட்டைச் செய்தித்தாளோடு டப்பாவில் போட்டு, டப்பாவை மேலே வைத்து, நாற்காலியை நகர்த்திவிட்டு, ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். மகள் படியில் வந்து நின்றபோது அப்பா இடுப்புவரை நனைந்து, பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தார்.

அவள் பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். இரண்டு பேரும் சுமந்தார்கள். மேலே போனதெல்லாம் பாழாய்ப்போன பிறகு போனதுதான்.

மகள் போன் செய்து ஒரு மணி நேரம் கழித்து, மாப்பிள்ளை கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இரவல் வாங்கிய ஒரு மோட்டார் பம்போடு வந்தான். கால்சட்டையை மடித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு தண்ணீரை இறைத்தான். முழங்கால் அளவு தண்ணீர் வடிந்து, தரை தெரிந்து, திறந்து கிடந்த குழியும் ஓரமாகக் கிடந்த மூடியும் தெரிந்தன.

"இது எப்படித் தொறந்துச்சு?" என்றாள் மகள்.

பாய்லர்காரர் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழம அதத் தொறந்தது யாரும்மா? நானா?"

மகள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நான் மூடினனே," என்றான் மாப்பிள்ளை. "சரியாத்தான் மூடினேன். மூடினேன்னுதான் நெனக்கிறேன்."

அந்த 'நெனக்கிறேன்' அவனைக் கவிழ்த்தது. "நெனக்கிறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்விதான் அவள் கேட்டாள். அவன் தலை குனிந்தான். "தப்புதான். இங்க வைக்கலாம்னு சொன்னதும் நான்தான்" என்றான். ஒரு மூடி சாக்கடையைத் தடுக்காது, அது எப்படி மூடியிருந்தாலும் தண்ணீர் வந்தே இருக்கும் என்று தெரிந்த ஆள் அந்த அறையில் ஒருத்தர்தான். அவர் பம்பின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. மகள் கணவனுக்குத் தட்டு வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். அவன் கூடத்து சோபாவில் படுத்தான். செவ்வாய்க்கிழமை விடுதியிலிருந்து ஆள் வந்து, கொல்லைப்புறத்தில் தார்ப்பாயின் கீழ் நாறிக்கொண்டிருந்த குவியலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் போனார். பாய்லர்காரர் நினைத்திருந்த மாதிரியெல்லாம் நடந்தது. எட்டு வருடமாக அவர் மனசுக்குள் ஆசைப்பட்டது, மகள் அவனை அப்படி ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பதுதான். பார்த்தாகிவிட்டது. ஆனால் அதில் அவருக்கு ஒரு ருசியும் இல்லை. அதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது. மடையன், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால் என்ன?

வியாழக்கிழமை படிக்கிற கண்ணாடி வாங்க மாப்பிள்ளையின் கடைக்கு ஒரு பிளம்பர் வந்தார். வில்லை மாற்றிக்கொண்டே மாப்பிள்ளை வீட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறான். "மூடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்," என்றாராம் அவர். "உள்ள ஒரு ரப்பர் தட்டு இருக்கும். அது இருந்தா வராது. டார்ச் அடிச்சுப் பாருங்க. கீல்ல அறுத்த தடம் இருந்தா, யாரோ கழட்டியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலை பாய்லர்காரர் தரைக்கு மருந்து தெளிக்க நிலவறைக் கதவைத் திறந்தபோது, மாப்பிள்ளை பின்னாலேயே இறங்கினான். அவரைத் தாண்டிப் போய்க் குழிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பிறகு நேராக அலமாரிக்குப் போனான். இந்த ஆள் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை என்று எட்டு வருடத்தில் அவனுக்குத் தெரியாதா? ஐந்தாவது டப்பாவில் இருந்தது. செய்தித்தாளைப் பிரித்து, தேதியைப் பார்த்துவிட்டு, தட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது தெரியுதா மாமா?" கடையில் கேட்கிற அதே குழைவான குரல்.

அவர் மருந்துக் கேனைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டவா?"

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பிளம்பர் வந்து தரைய ஒடச்சுப் புது வால்வு போடுவார், நீங்க பக்கத்துல வரக்கூடாது. இந்த ரூம் சாவி என்கிட்ட இருக்கும். அப்புறம், மழைதாம்மா காரணம், மாப்பிள்ள மேல தப்பில்லன்னு நீங்களே உங்க வாயால அவகிட்ட சொல்லணும்."

"மெரட்டறீங்களா?"

"ஆமா," என்றான் மாப்பிள்ளை.

அவன் மேல் பாய்லர்காரருக்கு முதல் முறையாக ஒரு மதிப்பு வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் அது அரை நிமிடம்தான். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தார். அன்று மத்தியானமே மகளிடம் போய், "மழதாம்மா. அவர என்ன சொல்றது" என்று முணுமுணுத்தார். மகள் தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தி அவரைச் சற்று நேரம் பார்த்தாள். அப்பா மாப்பிள்ளைக்குப் பரிந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் கணவனோடு ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தான். "மாமா, அந்தத் தண்ணி ஜக்க இப்படி எடுங்க" என்றான். அவர் எடுத்துக் கொடுத்தார். "உப்பும்" என்றான். கொடுத்தார். அவன் உப்பைத் தொடவே இல்லை. அவரைப் பார்த்து உதட்டோரத்தில் லேசாகச் சிரித்தான்.

பாய்லர்காரர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அந்த வால்வுத் தட்டக் கழட்டினது நான்," என்றார் மகளிடம். "நாலு மாசம் ஆச்சு. ஊசி கெடைக்கல, அப்படியே விட்டுட்டேன். அதனாலதான் தண்ணி வந்துச்சு. இவருக்குத் தெரியும், சொல்லாம என் கழுத்தப் புடிச்சிட்டு இருக்கார். இன்னொண்ணு இவருக்கும் தெரியாது. தண்ணி கணுக்கால் அளவு இருக்கறப்பவே நான் கீழ போயிட்டேன். பெட்டியத் தொடல. தட்ட மாட்டிடலாம்னு பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் மகள்.

"இருபது நிமிஷம்."

அவள் மனசுக்குள் படியையும் பெட்டியையும் ஓட்டிப் பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "பதினாலு பெட்டி," என்றாள். "பாதியாவது மேல வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"ஆறு வாரம்ப்பா."

மாப்பிள்ளை ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழம."

"வெள்ளிக்கிழமையிலேருந்து நான் யார் மேல கோவமா இருக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கீங்க."

"அப்படி இல்ல..."

"வேற எப்படி? என் வேல நாசமாப் போயிருக்கு. உங்களுக்கு சாவி யார்கிட்ட இருக்குங்கறதுதான் பெரிசு." எழுந்து தன் தட்டைக் கழுவி வைத்தாள். அழுதால் தேவலை என்று இருந்தது இரண்டு பேருக்கும். அவள் அழவில்லை. "நாளைக்குக் காலைல குப்ப லாரி வரும். கொல்லையில கெடக்கறத ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போய்ப் போடுங்க. நான் அதப் பாக்கறதா இல்ல."

திங்கட்கிழமை தூக்கினார்கள். ஈரத் துணி பிணம் மாதிரி கனத்தது. "தலைப்பக்கம் நீங்க புடிங்க" என்றார் இவர். "இதுல தலைப்பக்கம் எது மாமா?" என்றான் அவன். லாரிக்காரன் இதெல்லாம் வீட்டுக் குப்பையில் சேராது என்று எரிந்து விழுந்தான். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து அவனிடம் மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். திரும்பி வரும்போது ஒருத்தர் தெருவின் இந்த ஓரம், மற்றவர் அந்த ஓரம்.

பிளம்பர் வந்தார், தரையை உடைத்தார், புது வால்வு வந்தது. நிலவறை இப்போது எந்த மழைக்கும் காய்ந்துதான் கிடக்கிறது. அதில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. மகள் இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை பார்த்து, தையல் இயந்திரத்தையும் வெட்டு மேசையையும் அங்கே கொண்டுபோய்விட்டாள். "இந்த வீட்ல இனிமே என் வேலைய வைக்கமாட்டேன்" என்றதோடு சரி; அதற்குமேல் ஒரு சண்டையும் போடவில்லை. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். அப்பாவிடம் மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள், கணவனிடம் கடை எப்படி என்று கேட்பாள். முன்னெல்லாம் ஒரு ஜன்னல் கொக்கி கழன்றாலும் "அப்பா, இதக் கொஞ்சம் பாருங்க" என்பாள். இப்போது தானே பார்த்துக்கொள்கிறாள்.

ஆக, திங்கட்கிழமைகளில் வீட்டில் இந்த இரண்டு பேர்தான். முதல் திங்கட்கிழமை மத்தியானம் பசி தாங்காமல் பாய்லர்காரர் சமையலறைக்குப் போனபோது, மாப்பிள்ளை முட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் சேத்தா, உங்களுக்கு மட்டுமா?" என்றார்.

"ரெண்டுதான் இருக்கு."

"அப்ப ஆளுக்கு ஒண்ணு."

மாப்பிள்ளை அடுப்பைப் பற்றவைத்தான். "எனக்குப் பசி அதிகம் மாமா" என்றான்.

பாய்லர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். அவன் இரண்டையும் தன் தட்டில் போட்டுக்கொண்டு போகிறானா என்று பார்த்துவிடுவது என்று.